சர்வர் கண்காணிப்பும் டெக்னீஷியன் பணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் இரவில் வேலைக்குள் நுழைந்து விடிந்தபின் வீடு திரும்புகிறவர்களில் பலர், கணினிக் கண்காணிப்பிலோ, பலருக்கும் சேவை தரும் கணினிகளான சர்வர்கள் இருக்கும் தரவு மையங்களின் டெக்னீஷியன் பணியிலோ இருப்பவர்கள். அந்தப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் டிப்ளமா மாணவர்களும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய பெற்றோரும், என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கா சம்பளம் தருகிறார்கள்?

பெரும்பாலான பெற்றோர் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஒரு வங்கியின் பணப் பரிமாற்ற சர்வரோ ஒரு மருத்துவமனையின் பதிவு மென்பொருளோ நின்றுபோனால், வாடிக்கையாளர் தொலைபேசியில் திட்டுவதற்கு முன்பே அதை அறிந்து, உரியவரிடம் சேர்த்து, சரியாகும்வரை பின்தொடர்வதற்காக இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருக்க வேண்டும். அந்த அறைக்கு வலையமைப்பு இயக்க மையம் என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் 'நாக்' என்பார்கள். வீட்டில் அதை 'என்.ஓ.சி.' என்று எழுத்துக் கூட்டிச் சொன்னால், ஏதோ தடையில்லாச் சான்றிதழ் வழங்கும் அலுவலகத்தில் பிள்ளைக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று உறவினர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

திரையைப் பார்க்கும் வேலையை மென்பொருளே செய்துவிடுகிறது. அது சொல்வதை நம்பலாமா, நம்பினால் யாரை எப்போது அழைப்பது என்று தீர்மானிப்பதற்குத்தான் மனிதருக்குச் சம்பளம். முதல் நிலையில் இருப்பவரை 'எல் ஒன்' என்பார்கள். அவர் மென்பொருள் தரும் எச்சரிக்கையான அலர்ட்டைச் சரிபார்த்து, 'டிக்கெட்' எனும் பழுதுப் பதிவைத் திறந்து, எழுதி வைத்த வழிமுறைப்படி செய்யக்கூடியதைச் செய்வார். அதற்குள் அடங்காதது 'எல் டூ'வுக்கும், அங்கும் தீராதது 'எல் த்ரீ'க்கும் போகும்.

டெக்னீஷியன் என்பவர் இதிலிருந்து எப்படி வேறுபடுகிறார்?

கண்காணிப்பவர் எங்கிருந்தும் வேலை செய்யலாம். டெக்னீஷியன் இயந்திரம் இருக்கும் இடத்துக்குப் போயாக வேண்டும். பழுதான ஹார்டு டிஸ்க்கை மாற்றுவது, கேபிள் இழுப்பது, உறைந்து நிற்கும் சர்வரின் முன்னால் நின்று திரையில் தெரிவதைத் தொலைபேசியில் வாசித்துச் சொல்வது ஆகியவை அவருடைய பணிகள். தொலைவில் இருக்கும் பொறியாளருக்குக் கையும் கண்ணுமாக நிற்பதால், தரவு மையங்களில் இந்தச் சேவையையே 'ரிமோட் ஹேண்ட்ஸ்' என்று பெயரிட்டுத்தான் விற்கிறார்கள்.

டெக்னீஷியனைச் சற்றுக் கீழாகப் பார்க்கும் வழக்கம் நம் அலுவலகங்களில் உண்டு. 2024 ஜூலை 19 அன்று என்ன நடந்தது என்பதை நினைவுபடுத்திக்கொண்டால் அந்த எண்ணம் மாறும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கான பிழையான புதுப்பிப்பு ஒன்று அன்று காலை இந்திய நேரம் 9.39 மணிக்கு வெளியானது. மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பிழையான கோப்பை நிறுவனம் ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றுவிட்டபோதிலும், ஏற்கெனவே நின்றுபோன கணினிகளில் பல வலையமைப்பில் இணையும் முன்பே விழுந்துகொண்டிருந்ததால், தொலைவிலிருந்து அவற்றைச் சரிசெய்ய வழியில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவர் உட்கார்ந்து, பாதுகாப்பு முறையில் இயக்கி, அந்த ஒரு கோப்பை நீக்க வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்தால் அதற்கு முன்பு 48 இலக்க மீட்புச் சாவியையும் தட்டச்சு செய்தாக வேண்டும். அந்த வாரம் உலகம் காத்திருந்தது டெக்னீஷியன்களுக்காக.

கண்காணிப்பு மென்பொருள் எப்படித் தகவல் பெறுகிறது?

மிக எளிய வழி 'பிங்'. உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டு, பதில் வர எத்தனை மில்லி நொடி ஆனது என்று அளக்கும் இந்தச் சிறு நிரலை மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதினார். இன்றுவரை எல்லாரும் முதலில் அடிக்கும் கட்டளை அதுதான். ஆனால் பிங்குக்குப் பதில் வருவதால் மென்பொருள் வேலை செய்கிறது என்று பொருளாகாது. வாசலில் விளக்கு எரிகிறது என்பதற்காகக் கடை திறந்திருக்கிறது என்று சொல்ல முடியாது அல்லவா, அதைப் போன்றது.

அடுத்தது எஸ்.என்.எம்.பி. 1988இல் வரையறுக்கப்பட்ட இந்த நெறிமுறையின் வழியாக ரவுட்டர், ஸ்விட்ச், யு.பி.எஸ்., பிரிண்டர் வரை எல்லாவற்றிடமும் வெப்பநிலை, நினைவகப் பயன்பாடு, ஒவ்வொரு போர்ட்டிலும் கடந்த பைட்டுகள் ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். இதில் புதியவர்கள் தடுமாறும் ஓர் இடத்தைச் சொல்லியாக வேண்டும். பைட்டுகளைக் கணக்கிடும் பழைய 32 பிட் எண்ணி (கவுன்ட்டர்) ஏறத்தாழ 429 கோடி பைட்டுகளைத் தொட்டதும் சுழியத்துக்குத் திரும்பிவிடும். ஒரு ஜிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் 34 நொடியில் அது ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுக்கும் மென்பொருள் இடையில் நடந்த எட்டுச் சுற்றுகளை அறியாமல், நிரம்பி வழியும் இணைப்பைக் காலியாக இருப்பதாக வரைபடத்தில் காட்டும். 64 பிட் எண்ணியைப் படிக்கும்படி அமைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. அழகான வரைபடம் ஒன்று தவறாகவும் இருக்கலாம் என்பதை நான் கற்றுக்கொண்டது இங்கேதான்.

இவை தவிர, சாதனங்கள் தாமாக அனுப்பும் சிஸ்லாக் செய்திகளும், சர்வருக்குள் நிறுவப்படும் 'ஏஜென்ட்' எனும் சிறு நிரல்களும், வாடிக்கையாளரைப் போலவே இணையதளத்துக்குள் நுழைந்து பார்க்கும் சோதனைகளும் உண்டு. கடைசியாகச் சொன்னதே உண்மைக்கு மிக அருகில் இருப்பது; அமைப்பதற்கு மிகவும் சிரமமானதும் அதுவே.

எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்வது நல்லது?

ஏதாவது ஒன்றை ஆழமாகக் கற்றால் போதும். 1999இல் வேறு பெயரில் தொடங்கிய நாகியோஸ், லாட்வியாவிலிருந்து வந்த ஜாபிக்ஸ், சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012இல் தொடங்கப்பட்ட புரோமிதியஸ், அதனோடு சேர்த்துப் பயன்படுத்தும் கிராஃபனா ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சோஹோ நிறுவனத்தின் ஆப்மேனேஜர் நம் ஊரில் உருவானது. அட்வென்ட்நெட் என்ற பெயரில் 1996இல் தொடங்கிய அந்த நிறுவனம், அலுவலக மென்பொருளுக்காகப் பெயர்பெறுவதற்கு வெகுகாலம் முன்பே வலையமைப்பு மேலாண்மைக் கருவிகளை விற்றுக்கொண்டிருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

அலர்ட் வந்தவுடன் முதலில் செய்ய வேண்டியது என்ன?

அது உண்மையா என்று பார்க்க வேண்டும். கேட்பதற்கு எளிது, ஆனால் இந்தத் தொழிலின் பெரும்பகுதி இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

ஒரு கிளை அலுவலகத்தின் ரவுட்டர் விழுந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் நாற்பது கணினிகளும் விழுந்துவிட்டதாகத் திரை சிவக்கும். உண்மையில் விழுந்தது ஒன்றே. மற்ற நாற்பதும் எட்ட முடியாதவை மட்டுமே. எது எதன் பின்னால் இருக்கிறது என்று மென்பொருளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் 'விழுந்தது', 'எட்டவில்லை' என்று அது பிரித்துக் காட்டும். பல இடங்களில் அதைச் சொல்லி வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே சிவப்பு வரிகளின் எண்ணிக்கையைக் கண்டு பதறாமல், எது முதலில் சிவந்தது என்று நேரத்தை வைத்து வரிசைப்படுத்திப் பார்ப்பது நல்ல பழக்கம். அடுத்து, வேறொரு வழியில் சோதிக்க வேண்டும்: மென்பொருள் எட்டவில்லை என்கிறது, என் கணினியிலிருந்து எட்டுகிறதா? அதற்கடுத்து, இன்று இந்த நேரத்தில் யாராவது பராமரிப்பு வேலை செய்வதாக அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று மாற்றப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். நள்ளிரவுப் பழுதுகளில் ஒரு பெரும் பங்கு பழுதே அல்ல. பகல் ஷிப்டுக்குச் சொல்லிவிட்டு இரவு ஷிப்டுக்குச் சொல்ல மறந்த பராமரிப்பு வேலை.

அலர்ட்டுகள் அளவுக்கு மீறி வருவது தானே ஒரு பழுது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு மின் நிலையத்தில் விபத்து தொடங்கிய முதல் சில நிமிடங்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை மணிகள் ஒன்றாக ஒலித்தன. எது முக்கியம் என்று பிரித்தறியும் வழி இயக்குநர்களுக்கு இல்லை. நம் வேலையில் யாரும் உயிரிழக்கப் போவதில்லை என்றாலும் மனித மனம் அதேபோலத்தான் நடந்துகொள்கிறது. ஒரு நாளைக்கு முந்நூறு முறை வந்து தானாகவே மறையும் அலர்ட்டை நான்காம் நாள் யாரும் படிப்பதில்லை. முந்நூற்றோராவது முறை அது உண்மையாக வந்தபோது கவனிக்காமல் விட்டவரைத் தண்டிப்பதைவிட, அலர்ட்டைத் தூண்டும் எல்லை அளவை மாற்றி அமைப்பதே நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை.

அலர்ட் எதுவும் வரவில்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

கூடாது. எனக்குக் கிடைத்த மிகக் கடுமையான பாடங்கள் அமைதியான இரவுகளிலிருந்தே கிடைத்தன.

மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனம் தானே வெளிப்படையாக எழுதி வைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2017 ஜனவரி 31 அன்று, களைப்புற்ற பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை நீக்கிவிட்டார். மீட்டெடுக்கலாம் என்று காப்புப் பிரதியைத் தேடியபோது அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பது தெரிந்தது. காப்புப் பிரதி எடுக்கும் நிரலின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாததால் அந்த வேலை தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்ல அனுப்பப்பட்ட மின்னஞ்சல்கள் உரிய கையொப்பம் இல்லாததால் பெறும் இடத்திலேயே நிராகரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. எச்சரிக்கை அனுப்பப்பட்டது, யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு தேவைக்காகச் சில மணி நேரம் முன்பு எடுத்த நகல் ஒன்று தற்செயலாக இருந்ததால், போனது ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு மட்டுமே.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் மறைந்துபோனபோது, அதன் முதுகெலும்பு வலையமைப்போடு சேர்ந்து பழுதைக் கண்டறியப் பயன்படும் உள் கருவிகளும் படுத்துவிட்டன. கண்காணிப்புக் கருவியைக் கண்காணிக்கப்படும் வலையமைப்புக்குள்ளேயே வைத்தால் இரண்டும் ஒன்றாக விழும். ஆகவே அனுபவமுள்ள இடங்களில் எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கும் ஓர் அலர்ட்டை வேண்டுமென்றே அமைத்து, அது நின்றால் வெளியே இருக்கும் வேறொரு சேவை ஆளை எழுப்பும்படி செய்திருப்பார்கள்.

இதே வரிசையில், இணையதளங்களும் மென்பொருள்களும் தம் அடையாளத்தை நிரூபிக்கும் மின்னணுச் சான்றிதழின் காலாவதியையும் சேர்க்க வேண்டும். 2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனின் ஓ2 கைபேசி வலையமைப்பில் இணையச் சேவை ஒரு நாள் முழுவதும் முடங்கியதற்கு, எரிக்சன் மென்பொருளுக்குள் இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியானதே காரணம். முடியும் நாள் முன்கூட்டியே தெரிந்த ஒன்று அது. இணையதளச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து 2029இல் 47 நாளாக்க முடிவு செய்திருப்பதால், இனி இந்தத் தேதிகளைக் கையால் குறித்து வைத்துச் சமாளிக்க முடியாது.

நள்ளிரவில் மேலதிகாரியை எழுப்பத் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்வது?

எழுப்புங்கள். ஒவ்வொரு இடத்திலும் எஸ்கலேஷன் பட்டியல் இருக்கும்: மிகக் கடுமையான பழுது என்றால் பதினைந்து நிமிடத்துக்குள் இன்னாரை, அவர் எடுக்காவிட்டால் அடுத்த பத்து நிமிடத்துக்குள் அவருக்கு மேலே இருப்பவரை, என்று அதில் எழுதியிருக்கும். அதைப் பின்பற்றியதற்காக யாரும் உங்கள் மீது நடவடிக்கை எடுக்க முடியாது. பின்பற்றாததற்காக எடுக்க முடியும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு ஒரு சேமிப்பகத்தின் இரண்டு டிஸ்க்குகளில் ஒன்று பழுதானதாக அலர்ட் வந்தது. சேவை நிற்கவில்லை. "சார் தூங்கட்டும், ஆறு மணிக்குச் சொல்லிக்கொள்ளலாம்" என்று என்னோடு இருந்த மூத்தவர் சொன்னார். எனக்கும் அது நாகரிகமாகவே பட்டது. ஐந்தேகாலுக்கு இரண்டாவது டிஸ்க்கும் போயிற்று. பிறகு நடந்த விசாரணைக் கூட்டத்தில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, மூன்று மணிக்கும் ஐந்தேகாலுக்கும் இடையில் டிக்கெட்டில் ஏன் ஒரு வரிகூட இல்லை என்பதுதான். எனக்கு அறிவுரை சொன்ன மூத்தவர் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை.

தயக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் நம் வளர்ப்பு. பெரியவர்களைத் தூக்கத்தில் எழுப்பக் கூடாது என்று கற்றவர்கள் நாம். ஆனால் அவருக்கு அழைப்புப் பணிக்கான படி கிடைக்கிறது. எழுப்பப்படுவது அவருடைய வேலையின் ஒரு பகுதி. அழைக்கும்போது மன்னிப்புக் கேட்டுத் தொடங்காமல், எந்தச் சேவை, எப்போது முதல், யாருக்குப் பாதிப்பு, இதுவரை என்ன செய்து பார்த்தேன், உங்களிடம் என்ன வேண்டும் என்று ஐந்து வாக்கியத்தில் சொல்லப் பழகினால், சில மாதங்களில் அவர் உங்கள் அழைப்பை மதிக்கத் தொடங்குவார்.

டிக்கெட்டில் எவ்வளவு எழுத வேண்டும்?

அடுத்த ஷிப்டில் வருகிறவர் உங்களைத் தொலைபேசியில் அழைக்காமல் வேலையைத் தொடரும் அளவுக்கு எழுத வேண்டும். "சோதித்தேன், சரியாக உள்ளது" என்பது எழுதியதாகாது. எதைச் சோதித்தீர்கள், எந்தக் கட்டளை, என்ன விடை வந்தது, எத்தனை மணிக்கு என்பவை வேண்டும். வாடிக்கையாளர் வேறு நாட்டில் இருந்தால் எந்த நாட்டு நேரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 'காலை 4 மணி' என்ற ஒரு குறிப்பை வைத்து இரண்டு குழுக்கள் ஒரு மணி நேரம் வாதிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஷிப்ட் மாறி வேலையை ஒப்படைக்கும் ஹேண்டோவரின்போது பத்து நிமிடம் முன்னதாக வந்து நேரில் கேட்டுக்கொள்கிறவர், பாதிப் பிரச்சினையைத் தவிர்த்துவிடுகிறார்.

99.9% என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறார்களே, அதன் பொருள் என்ன?

ஓர் ஆண்டில் ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் வரை சேவை நின்றால் பொறுத்துக்கொள்ளலாம் என்று பொருள். 99.99% என்றால் ஆண்டுக்கு 52 நிமிடத்துக்குச் சற்று அதிகம். மாதக் கணக்கில் நான்கு நிமிடம் 19 நொடி. ஐந்து ஒன்பதுகள் என்றால் ஆண்டுக்கே ஐந்தேகால் நிமிடம்தான். இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் மென்பொருள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சோதித்து, மூன்று முறை தோற்றால் மட்டுமே அலர்ட் தருவதாக இருந்தால், 99.99% ஒப்பந்தத்தில் அந்த மாதத்துக்கான மொத்த அனுமதியும் நீங்கள் அலர்ட்டைப் பார்ப்பதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. விற்பனைப் பிரிவு கையெழுத்திட்ட எண்ணும் கண்காணிப்புப் பிரிவு அமைத்த இடைவெளியும் ஒன்றையொன்று அறியாமலேயே பல நிறுவனங்களில் ஆண்டுக்கணக்கில் இருக்கின்றன. நேர்காணலில் இதைச் சுட்டிக் காட்டினால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இரவு ஷிப்ட் கட்டாயமா? உடல்நிலை தாங்குமா?

அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கான பணி என்றால் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் இங்கே கோடையில் மாலை ஆறரை, அவர்களுடைய குளிர்காலத்தில் ஏழரை. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது உங்கள் ஷிப்டும் வண்டி வரும் நேரமும் ஒரு மணி நேரம் நகரும்.

உடல்நிலை பற்றி மழுப்ப விரும்பவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு ஷிப்ட் வேலையை 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது' என்ற 2ஏ பிரிவில் 2007இல் சேர்த்து, 2019இல் அதை உறுதிப்படுத்தியது. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் என்று மாற்றிக்கொண்டே இருக்கும் இடத்தைவிட ஒரு மாதமாவது ஒரே ஷிப்டில் விடும் இடத்தில் உறக்கம் பழகும் என்பது என் அனுபவம். பகலில் தூங்குகிறவருக்கு இருட்டான அறை வேண்டும். அதைவிட முக்கியமாக, பன்னிரண்டு மணிக்கு "இன்னும் எழுந்திருக்கவில்லையா" என்று கேட்காத வீடு வேண்டும்.

பெண்கள் சேரும்போது இரவுப் போக்குவரத்து பற்றி எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்: வீட்டு வாசல்வரை வண்டி வருமா, வண்டியில் காவலர் இருப்பாரா, கடைசியாக இறங்குகிறவர் பெண்ணாக இல்லாதபடி பாதை அமைக்கிறார்களா என்பவற்றைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மழைக் காலத்துக்கு என்ன ஏற்பாடு என்பதை ஆண்களும் கேட்கலாம். வர்தா புயல் கரையைக் கடந்த 2016 டிசம்பர் 12 போன்ற நாளில் வண்டி ஓடாது, மாற்று ஆள் வர முடியாது, உள்ளே இருப்பவர் உள்ளேயே இருப்பார்.

தரவு மையத்துக்குள் டெக்னீஷியனின் வேலை எப்படி இருக்கும்?

குளிராகவும் இரைச்சலாகவும் இருக்கும். வரிசையாக நிற்கும் ரேக்குகளில் பெரும்பாலானவை 42 அலகு உயரம் கொண்டவை. ஓர் அலகு என்பது ஒன்றே முக்கால் அங்குலம். ஒரு பக்கம் குளிர்ந்த காற்று நுழையும் வழி, மறுபக்கம் வெப்பக் காற்று வெளியேறும் வழி. வெப்பப் பக்கத்தில் நின்று அரை மணி நேரம் கேபிள் தேடியவருக்குத்தான் பெயரொட்டியின் அருமை தெரியும்.

ஒவ்வொரு சர்வருக்கும் ஏ, பி என இரண்டு மின்பாதைகள் இருக்கும். ஒன்று போனாலும் மற்றது தாங்க வேண்டும் என்பதே ஏற்பாட்டின் நோக்கம். அவசரத்தில் இரண்டு கம்பிகளையும் ஒரே பாதையில் செருகிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த பராமரிப்பு நாளில்தான் அது வெளிப்படும். ஆகவே எதையும் கழற்றுமுன் ரேக் எண், அலகு எண், தொடர் எண் மூன்றையும் உரக்கப் படித்து, தொலைபேசியில் இருப்பவர் திரும்பச் சொன்ன பிறகே கை வையுங்கள். ஃபைபர் இணைப்பு உயிர்பெறவில்லை என்றால் முதலில் அனுப்பும் இழையும் பெறும் இழையும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள், பிறகு முனையைத் துடையுங்கள். ஒளி வருகிறதா என்று கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாமலேயே விழித்திரையைச் சுடக்கூடியது. நிலைமின்சாரத்தைக் கடத்தும் மணிக்கட்டுப் பட்டை அணிவதை ஊருக்கான சடங்கு என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு நினைவகப் பலகையை எரிக்கும் மின்னேற்றம் உங்கள் விரலுக்கு உறைக்கக்கூட உறைக்காது.

என்ன படித்திருக்க வேண்டும்?

டெக்னீஷியன் பணிக்கு டிப்ளமா போதும், ஐ.டி.ஐ.யில் தகவல் தொடர்பு சாதனப் பராமரிப்பு அல்லது கணினி இயக்கமும் நிரல் உதவியும் கற்பிக்கும் 'கோபா' பிரிவு முடித்தவர்களையும் எடுக்கிறார்கள். கண்காணிப்புப் பணிக்குப் பொறியியல் பட்டதாரிகளோடு பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களும் வருகிறார்கள், வணிகவியல் படித்துவிட்டு வந்து நன்றாகச் செய்தவர்களும் உண்டு. பட்டதாரிகளும் டிப்ளமா முடித்தவர்களும் தொழிற்பழகுநர் பயிற்சிக்கு தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் வழியாக முயலலாம். கல்லூரியில் இருக்கும்போதே 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டத்தில் தொடர்புள்ள பாடம் கிடைத்தால் விடாதீர்கள்.

சான்றிதழ்களில் வலையமைப்புப் பக்கம் போக விரும்புகிறவருக்கு சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ.வும், லினக்ஸ் இயங்குதளத்தின் பக்கம் போக விரும்புகிறவருக்கு ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ.வும் பயன்படும். பின்னது முழுக்க முழுக்கச் செய்முறைத் தேர்வு. விடைகளை மனப்பாடம் செய்து தேற முடியாது. அதனாலேயே எனக்கு அதன் மீது மதிப்பு அதிகம்.

ஆங்கிலம் சரளமாக வராது. வேலை கிடைக்குமா?

கிடைக்கும். எழுத்தில் தெளிவு வேண்டும், இலக்கணத்தில் அழகு வேண்டியதில்லை. பழுதின்போது பலர் சேர்ந்து பேசும் தொலைபேசி அழைப்பான 'பிரிட்ஜ் கால்' ஒன்றில் பேசும் வாக்கியங்கள் முப்பது நாற்பதுக்கு மேல் இல்லை. அவற்றை எழுதி வைத்துப் பழகுங்கள். புரியாததைப் புரிந்ததாகக் காட்டிக்கொள்வதே ஆபத்து. சர்வர் பெயரை எழுத்து எழுத்தாகத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை.

நேர்காணலில் எப்படிப்பட்ட கேள்வி வரும்?

வரையறைகளைவிடச் சூழல்களைக் கேட்பார்கள். நான் கேட்கும் கேள்வி ஒன்று: லினக்ஸ் சர்வரில் வட்டு நிரம்பிவிட்டதாக 'டி.எஃப்.' கட்டளை சொல்கிறது. கோப்புகளின் அளவைக் கூட்டிப் பார்க்கும் 'டி.யு.' கட்டளை பாதிகூட நிரம்பவில்லை என்கிறது. யார் சொல்வது சரி? இரண்டுமே சரி. பெரிய பதிவுக் கோப்பு ஒன்றை யாரோ நீக்கியிருக்கிறார்கள், ஆனால் அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் இடம் விடுபடவில்லை. அந்த நிரலை மறுபடி தொடங்கினால் இடம் திரும்பக் கிடைக்கும். விடை தெரியாதவரிடம் நான் எதிர்பார்ப்பது, "சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிடுவேன்" என்று சொல்லாமல், எது திறந்திருக்கிறது என்று பார்க்க முற்படுவதை மட்டுமே.

வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் விட்டு வைக்க வேண்டாம்.

தானியங்கி மென்பொருளும் செயற்கை நுண்ணறிவும் இந்த வேலையை விழுங்கிவிடுமா?

ஒரு பகுதியை ஏற்கெனவே விழுங்கிவிட்டன. அலர்ட்டைப் பார்த்து டிக்கெட் திறப்பது, நின்ற சேவையை மறுபடி தொடங்குவது, நாற்பது சிவப்பு வரிகளை ஒன்றாகச் சேர்ப்பது ஆகியவற்றை மென்பொருளே செய்கிறது. இவற்றை மட்டும் செய்யும் எல் ஒன் பணியிடங்கள் குறைந்துகொண்டுதான் வருகின்றன. ஆகவே எல் ஒன் பணியில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தங்காதீர்கள் என்பதே என் கருத்து. அந்த இரண்டு ஆண்டில் பைத்தானிலோ ஷெல் நிரலிலோ உங்கள் தினசரி வேலைகளில் ஒன்றையாவது தானியங்கியாக்கிப் பாருங்கள். டெக்னீஷியன் பணியை இது அவ்வளவு எளிதில் தொடாது. கேபிளைக் கழற்றிச் செருகக் கை வேண்டும்.

வேலையில் சேருமுன் வீட்டிலேயே பழக முடியுமா?

பழைய மடிக்கணினி ஒன்று போதும். அதில் லினக்ஸை நிறுவி, ஜாபிக்ஸோ புரோமிதியஸோ போட்டு, வீட்டு வைஃபை ரவுட்டரையும் உங்கள் கைபேசியையும் கண்காணிக்க வையுங்கள். ஒரு வாரம் ஓடவிட்டால், நீங்கள் கேட்டே இராத அலர்ட்டுகள் வரும்; கைபேசி திரை அணைந்ததும் பிங்குக்குப் பதில் சொல்லாது, மென்பொருள் அது இறந்துவிட்டதாக அறிவிக்கும். எல்லை அளவுகளை மாற்றி அந்தப் பொய்களைக் குறையுங்கள். பிறகு ஒரு நாள் வீட்டில் யாரும் தொடர் பார்க்காத நேரமாகப் பார்த்து ரவுட்டரின் இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு, உங்கள் கைபேசிக்கு எச்சரிக்கை வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வரவே வரவில்லை என்றால், எச்சரிக்கையை அனுப்ப அந்த மென்பொருளும் அதே இணைப்பைத்தான் நம்பியிருந்தது.